ரேடியோ சாரும் ரோசம்மாவின் முதுகும்

மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் காணாமல் முதுகை வைத்தே அடையாளம் கண்ட ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, இந்தப் பூமியில் ரேடியோ சார்தான். எதிரே வந்து வணக்கம் வைத்தால் யாரோ என்று விழிப்பார். அதே ஆள் கடந்து போய்ப் பத்தடி நடந்ததும், "அடடே, கனகா! இடது பக்கம் இப்ப பரவாயில்லையா?" என்று பின்னாலிருந்து கூப்பிடுவார். மரக்காணம் கடைத்தெருவில் அவரோடு போனால் ஊரே கழுத்தைத் திருப்பித் திருப்பித்தான் பதில் சொல்லும். முதுகு வலியை அளக்க வந்த மனிதர் எல்லோருக்கும் கழுத்து வலியைக் கொடுத்துவிட்டுப் போகப்போகிறாரே என்று நான் கவலைப்பட்டதுண்டு.

அவருடைய நிஜப் பெயர் நீளமானது. சென்னையில் ஏதோ ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வந்தவர். பெயருக்கு முன்னால் ஒரு டாக்டர், பின்னால் வால் மாதிரி நாலைந்து எழுத்துகள். மரக்காணத்தில் அதை ஒருவரும் சட்டை செய்யவில்லை. வந்த முதல் வாரமே ரேடியோ சார் ஆகிவிட்டார். நான் பிசியோதெரபி படித்துவிட்டு, சரியான வேலை அமையாமல் பெரிய முதலியார்சாவடியில் வீட்டில் இருந்த நேரம் அது. உப்பளத்துக்காரர்களின் முதுகு வலியை அளக்கும் வேலைக்கு உதவியாக ஒரு பெண் வேண்டும் என்றார்கள், போனேன். காலையில் ஈ.சி.ஆரில் பஸ் பிடிப்பேன், சாயங்காலம் அரைத் தூக்கத்தில் திரும்புவேன். அந்த மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் சொக்குகிறது. சந்தோஷத்தில் வருகிற சொக்கல் அது.

மாதா கோயிலை ஒட்டியிருந்த ஞானோபதேச வகுப்பறையை ஃபாதர் எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தார். ஜன்னலைத் திறந்தால் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், பாத்திக்கு ஒரு துண்டு வானம். மத்தியானத்தில் எது தரை, எது மேகம் என்று தெரியாது. தூரத்து வரப்பில் நடப்பவர்கள் கால் இல்லாமல் மிதந்து போவார்கள். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாலும் அப்படியேதான் மிதப்பார்கள். வகுப்பறைக்குள்ளே குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலிகள்தான் இருந்தன. உப்பு மூட்டை தூக்குகிற பெரிய பெரிய ஆட்கள் அதில் முழங்கால் தாடையை இடிக்க உட்கார்ந்து, தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள்.

ரேடியோ என்ற பெயர் வந்த கதை இதுதான். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும், வயிற்றில் இரண்டு பக்கமும் வட்டமான ஸ்டிக்கர்களை ஒட்டுவோம். பெண்கள் அதைப் பொட்டு என்பார்கள். சதை வேலை செய்யும்போது அதில் துளியூண்டு மின்சாரம் ஓடும். பொட்டிலிருந்து போகிற ஒயர் அதைப் பிடித்துக் கம்ப்யூட்டரில் கோடாகக் காட்டும். எல்லா ஊரிலும் கோட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். இவருக்குக் கோடு போதவில்லை, ஒரு ஸ்பீக்கரையும் மாட்டிவைத்திருந்தார். யாராவது குனிந்தால் அதிலிருந்து கரகரவென்று, ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரி ஒரு சத்தம் வரும். அதைத்தான் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

சத்தத்தைவிட அவர் தேடியது சத்தம் நிற்கிற இடத்தை. "நல்ல முதுகு என்னா செய்யும் தெரியுமாம்மா? குனியக் குனிய சத்தம் போடும். முழுசா குனிஞ்சதும் அப்பாடான்னு வேலையை விட்டுடும். எலும்பைக் கட்டியிருக்கிற நார் பார்த்துக்கும்னு அதுக்குத் தெரியும். வலி இருக்கிற முதுகு அப்படி விடாது. திருடன் போயி மாசக்கணக்கு ஆனாலும் தூங்காம விசில் ஊதிக்கிட்டே இருக்கிற வாட்ச்மேன் மாதிரி" என்பார். வலியில்லாத ஆள் யாராவது அடிவரை குனிந்து ஸ்பீக்கர் அமைதியானால் மனிதருக்குக் கோயிலில் மணி அடித்த முகம்.

"கேட்டுச்சா?" என்பார் என்னிடம்.

"ஒண்ணும் கேக்கல சார்."

"அதான்! அதேதான்!"

இன்னொரு பழக்கம், ஊரையே புரட்டிப் போட்ட பழக்கம். நாற்காலியில் வந்து உட்காருபவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்க மாட்டார். "நேத்து என்ன கனவு கண்டீங்க?" என்றுதான் ஆரம்பிப்பார். கனவைச் சொல்லும்போது ஆளுக்கு உடம்பு இளகும், இளகின உடம்பைத்தான் முதலில் அளக்க வேண்டும் என்பது அவர் கட்சி. முதல் நாள் எல்லோரும் வெட்கப்பட்டார்கள். இரண்டாம் நாள் உப்பளப் பாத்திக்கு நடுவே மாமரம் முளைத்ததாகக் கனகா ஒரு கனவு சொன்னாள். கனகா அங்கே பெண்கள் செட்டுக்குத் தலைவி, கேட்க வேண்டுமா? மறுநாள் வந்த பெண்கள் அத்தனை பேர் கனவிலும் அதே மாமரம். ஒருத்தி காய்த்துவிட்டது என்றாள், அடுத்தவள் பழுத்துவிட்டது என்றாள். கடைசியில் வந்தவள் பழம் பறித்துப் புதுச்சேரிக்கு லோடு அனுப்பிவிட்டாள்.

சார் நெகிழ்ந்துபோனார். எனக்குப் பொறுக்கவில்லை. "சார், வரிசையில உக்காந்து பேசிவெச்சிக்கிட்டு வர்றாங்க" என்றேன்.

"அப்படியா? பரவாயில்லைம்மா. சேர்ந்து பொய் சொல்றவங்களுக்கு முதுகு லேசாத்தான் இருக்கும்" என்றார்.

ஃபாதரும் ஒருநாள் பொட்டு ஒட்டிக்கொண்டார். தனக்குக் கனவே வருவதில்லை, படுத்தால் விடிந்துவிடும் என்றார். குனிந்ததும் ஸ்பீக்கர் போட்ட கூச்சலில் வெளியே மேய்ந்துகொண்டிருந்த ஆடு நிமிர்ந்து பார்த்தது. "ஃபாதர், உள்ள நிறைய கனவு அடைஞ்சிருக்குது" என்றார் சார், கவலையோடு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் வழக்கத்தில் பாதிதான். அதற்காக ஊர் எங்களுக்கு மனமார நன்றி சொன்னது.

எங்கள் பரம எதிரி உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார். அது ஓடினால் அதன் இரைச்சல் ஒயர் வழியாக மிஷினுக்குள் புகுந்து, யாரைக் குனியச் சொன்னாலும் ம்ம்ம் என்று ஒரே ராகம் பாடும். சார் குடையை விரித்துக்கொண்டு வரப்பு வழியே போய் மோட்டார்க்கார மணியைக் கெஞ்சுவார். அவன் நிறுத்துவான். இவர் திரும்பி வந்து சேர்வதற்குள் மறுபடி போட்டுவிடுவான். கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மணி தூங்கும்போது மோட்டாரும் தூங்கும், அப்போது மட்டும் நாங்கள் அளக்கலாம். ஆக எங்கள் ஆராய்ச்சி முழுவதும் ஊர் கண்ணயர்கிற நேரத்தில்தான் நடந்தது. காற்று நிற்கும், கடல் மட்டும் தூரத்தில் புரண்டு படுக்கும். சார் அந்த அமைதியில் மெல்ல "குனியுங்க" என்பார். சில நாள் குனிந்தவர் அப்படியே இரண்டு நிமிஷம் தூங்கிவிட்டு எழுந்ததும் உண்டு.

ஊரையெல்லாம் குனியச் சொன்ன மனிதர் தான் மட்டும் குனிய மாட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேனா விழுந்தால் குடையின் வளைந்த பிடியால் இழுத்துக் காலால் நகர்த்தி, யாராவது எடுத்துக் கொடுக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஷூவுக்கு நாடா கிடையாது. கேட்டால், "எனக்கும் முதுகு இருக்குதேம்மா" என்பதோடு சரி.

இப்போது ரோசம்மா. கனகாவின் செட்டில் ஒரு காலத்தில் எல்லோருக்கும் முன்னால் கூடை தூக்கி நடந்தவள். பல வருஷத்துக்கு முன் இடுப்பு பிடித்துக்கொண்டபோது எங்கோ ஒரு டாக்டர் எக்ஸ்ரே ஃபிலிமைத் தூக்கிப் பார்த்து, "எலும்பு தேஞ்சு போச்சு, இனிமே குனியவே கூடாது" என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து ரோசம்மா குனியவில்லை. வரப்பில் உயரமான மேடையில் அடுப்பு வைத்து, நின்றபடியே செட்டுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். மற்றவர்கள் பாத்தியில் இறங்கிச் சிரித்துப் பேசி வேலை செய்ய, இவள் மேலே விறைப்பாக நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

சார் அந்தப் பழைய ஃபிலிமை வாங்கிப் பார்த்தார். காலைத் தட்டினார், தூக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். "பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல ரோசம்மா. இந்த வயசுல எல்லாருக்கும் இருக்கிற தேய்மானம்தான். நீங்க குனியலாம்" என்றார்.

"ஐயோ சார், ஒடிஞ்சிரும்."

"நேத்து என்ன கனவு?"

ரோசம்மா மாமரத்தின் பக்கமே போகவில்லை. "பாத்தி மிதிக்கிற மாதிரி சார். இந்த வருசம் மிதிப்பு ஆரம்பிக்கும்போது நானும் அவளுங்களோட எறங்கணும். அது ஒண்ணுதான் சார் எனக்கு" என்றாள். 

பாத்தி மிதிப்பு என்றால் உப்பு விளைவதற்கு முன் பாத்தியின் அடிமண்ணைக் காலால் மிதித்து இறுக்குவது. வெறுங்காலோடு, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு வரிசையாக மிதித்துக்கொண்டே போவார்கள். நடுநடுவே குனிந்து கிளிஞ்சலையும் கல்லையும் பொறுக்க வேண்டும். அந்த வரிசையில் இடம் இல்லை என்றால் அந்த வருஷத்து உப்பில் உனக்குப் பங்கில்லாத மாதிரி.

மிதிப்புக்கு ஒரு வாரம்கூட இல்லை. ரோசம்மா தினமும் வந்தாள். நாங்கள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிய வைத்தோம். முழங்கால் தாண்டிக் கை போகாது. ஸ்பீக்கரோ தகரக் கொட்டகையில் மழை பெய்த மாதிரி அலறும். சார் சோர்ந்துவிட்டார். "ஒரே ஒரு நிமிஷம் அந்த முதுகு சும்மா இருந்தா போதும்மா. நான் நிம்மதியா ஊருக்குப் போவேன்" என்றார்.

மிதிப்புக்கு முந்தின நாள், வழக்கம்போலத் துணித் திரைக்குப் பின்னால் ரோசம்மாவுக்குப் பொட்டு ஒட்டி, மேலே ஆண்கள் சட்டையை மாட்டிவிட்டு மோட்டார் நிற்பதற்காகக் காத்திருந்தோம். நிற்கவில்லை. சார் என்னைப் பார்த்தார், நான் குடையோடு கிளம்பினேன். மணி மோட்டார் ரூம் வாசலில், மோட்டாரை அணைக்காமலே தூங்கிப்போயிருந்தான். எழுப்பி நிறுத்திவிட்டு வந்தேன்.

"குனியுங்க."

ரோசம்மா குனிந்தாள். கரகரவென்று ஆரம்பித்தது. கை முழங்காலைத் தாண்டியது. சட்டென்று சத்தம் நின்றது.

சுத்தமாக நின்றது. ஜன்னலில் ஈ பறப்பது கேட்டது. சார் எழுந்த வேகத்தில் குட்டி நாற்காலி கவிழ்ந்தது. "ரோசம்மா! உங்க முதுகு தூங்கிடுச்சி! வாட்ச்மேன் தூங்கிட்டான்!" என்று கூவினார். கண்ணில் தண்ணீர். மிஷினை அணைத்தார், என்னைக் கும்பிட்டார், ரோசம்மாவைக் கும்பிட்டார், சுவரில் இருந்த மாதா படத்தையும் கும்பிட்டார். நிமிரும்போது முதுகு மறுபடி வேலை செய்து சத்தம் திரும்ப வருகிறதா என்று கேட்க வேண்டும் என்பது பாடத்தில் முதல் பக்கத்தில் இருக்கிறது. அதற்குள் எங்கள் ரேடியோ ஆஃப்.

"அப்ப நாளைக்கு எறங்கலாமா சார்?"

"தாராளமா!"

மறுநாள் காலை பழைய பொட்டுகளைக் குப்பையில் போடப் போனேன். காய்ந்து, ஒவ்வொன்றின் மேலும் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. சாரிடம் நீட்டினேன். வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, யோசிக்காமல் நாக்கில் வைத்துவிட்டார்.

"உப்பு" என்றார்.

உப்பளத்தில் உப்பைக் கண்டுபிடித்த ஒரே விஞ்ஞானி அவராகத்தான் இருக்கும். ஆனால் முகம் வெளுத்துவிட்டது. திரைக்குப் பின்னால் தேடினேன். நாற்காலிக்கடியில் கனகாவின் தலைத்துணி ஈர மூட்டையாகக் கிடந்தது. நான் மணியை எழுப்பப் போயிருந்தபோது, ரொம்ப நேரம் நின்றால் ரோசம்மாவுக்குப் பிடித்துக்கொள்ளுமே என்று கனகா டீ அடுப்பில் பாத்தித் தண்ணீரைச் சுடவைத்து, துணியை அதில் நனைத்துக்கொண்டு வந்து, பொட்டுக்கு மேலேயே ஒத்தடமாகச் சட்டைக்குள் சொருகிவிட்டிருக்கிறாள். இந்த ஊரில் இடுப்பு வலிக்கு எல்லோரும் செய்வதுதான். குனிந்ததும் துணி பிழிந்துகொண்டது.

"ரெண்டு பொட்டுக்கும் நடுவுல உப்புத்தண்ணி ஓடியிருக்குது. கரண்ட் எல்லாம் அது வழியாவே போயிடுச்சு" என்றார் சார். "முதுகு தூங்கலைம்மா. நாமதான் தூங்கிட்டோம். ரோசம்மா எங்க?"

வாசலில் நின்ற ஃபாதர் பதில் சொன்னார். "விடியக்காலைல பூசைக்கு வந்துச்சே. முழங்கால் போட்டு, நெத்தி தரையில படக் கும்பிட்டுட்டு, நேரா பாத்திக்குப் போயிடுச்சி."

ரேடியோ சார் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். குடையை விரித்தபடி, ஷூவோடு, வரப்பில் ஓடினார். பின்னால் நான். காலை வெயிலில் தண்ணீர் முழுக்க வெள்ளியாக மினுங்கியது, தூரத்தில் பெண்கள் வரிசை காலில்லாமல் மிதந்தது.  பல வருஷம் குனியாத ஒருத்தியைப் பொய் சொல்லிக் குனிய வைத்திருக்கிறோம். இடுப்பு மறுபடி பிடித்துக்கொண்டால் அவள் இனி அந்த டீ மேடையைவிட்டு இறங்கவே மாட்டாள்.

"யோவ் ரேடியோ சார், செருப்பு! செருப்பு!" என்று வரிசையிலிருந்து கூச்சல் வந்தது. மிதித்த பாத்தியில் ஷூவோடு இறங்கக்கூடாது. அவருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. இறங்கினார், வழுக்கினார், பளபளவென்று மிதித்து வைத்திருந்த இடத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"போச்சு, காலைலேர்ந்து மிதிச்சது! இப்ப இன்னொரு தபா மிதிக்கணும்" என்று கனகா தலையில் அடித்துக்கொண்டாள்.

சார் சேற்றில் உட்கார்ந்தபடியே பேசினார். "ரோசம்மா, நேத்து மிஷின் சொன்னது பொய்யி. கனகா வெச்ச ஒத்தடத்துல உப்புத்தண்ணி ஓடிடுச்சி. நான் சரியா பார்க்காம சொல்லிட்டேன். என் தப்பு. உங்க முதுகு இன்னும் தூங்கலை."

ரோசம்மா கைநிறையக் கிளிஞ்சலோடு நின்றிருந்தாள். முகம் வேர்த்திருந்தது. 

"மிஷின் பொய் சொன்னா சொல்லிட்டுப் போவுது சார். விடிஞ்சதுலேர்ந்து குனிஞ்சிக்கினே இருக்கேனே, இது யாரு சொல்ற பொய்யி?"

"வலிக்கலையா?"

"வலிக்குது சார். வலிக்கத்தான் செய்யுது. ஒடியல."

 சாருக்குத் தான் டாக்டர் என்பது ஞாபகம் வந்து, "அரை வேளை போதும், இப்பத்திக்குக் கூடை தூக்க வேணாம்" என்று கெஞ்சினார். சரி என்று தலையாட்டிவிட்டு ரோசம்மா குனிந்து, அவர் ஷூ கிளறிவிட்ட இடத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

மத்தியானம் மணி தூங்கியதும் மறுபடி அளந்தோம். நல்ல தண்ணீரில் முதுகைத் துடைத்து, ஸ்பிரிட் போட்டு, காயவிட்டு, புதுப் பொட்டு ஒட்டினேன். கனகாவை வாசலுக்கு வெளியே உட்கார வைத்தோம். ரோசம்மா குனிந்தாள். கரகரப்பு ஏறியது. கை முழங்காலைத் தாண்டி, கணுக்காலைத் தாண்டி, தரையைத் தொட்டது. மழை விட்ட பிறகு கூரை சொட்டுகிற மாதிரி சத்தம் அங்கொன்று இங்கொன்றாகக் குறைந்து, ஒரு மூச்சு நேரம் நின்றது. இந்தத் தடவை சார் எழுந்து குதிக்கவில்லை. அவள் நிமிர்ந்து, சத்தம் திரும்பி வந்து, அடங்கும்வரை காத்திருந்தார்.

"நேத்து சுத்தமா நின்னுச்சு, இன்னைக்குக் கொஞ்சந்தானா சார்?" என்றாள் ரோசம்மா, ஏமாற்றத்தோடு.

"நேத்து உப்பு சும்மா இருந்துச்சு ரோசம்மா. இன்னைக்கு நீங்க சும்மா இருந்தீங்க" என்றார்.

மிஷின் சென்னைக்குத் திரும்புகிற நாளன்று செட்டு முழுவதும் வழியனுப்ப வந்துவிட்டது. குட்டி நாற்காலி ஒன்றில் சாதாரணமாகக் குனிந்து உட்கார்ந்த ரோசம்மாதான் ஆரம்பித்தாள். "எங்க எல்லாரையும் குனிய வெச்சீங்க. நீங்க குனியலையே சார்."

சார் சிரித்து மழுப்பப் பார்த்தார், நாங்கள் விடவில்லை. பல வருஷத்துக்கு முன் தன் முதுகைத் தானே அளந்து பார்த்தாராம். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு திரும்பக் கேட்க தைரியம் வரவில்லையாம். இத்தனை முதுகையும் காது கொடுத்துக் கேட்ட மனிதர் தன் முதுகுக்கு மட்டும் காதைப் பொத்திக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த பிரியத்தைச் சொல்லி முடியாது. கட்டிவைத்த ஒயர்களைப் பிரித்தேன். துடைத்தேன், காயவிட்டேன், பொட்டு ஒட்டினேன்.

"நேத்து என்ன கனவு சார்?" என்று ரோசம்மா கேட்டாள்.

அவர் திகைத்துவிட்டார். தன்னை யாரும் அதைக் கேட்டதில்லை என்றார். அப்புறம் மெதுவாக, "பாத்தி மிதிக்கிறேன். ஷூ இல்ல. குடையும் இல்ல. முன்னால யாரோ போறாங்க, அவங்க தோள்ல என் கை இருக்குது. எவ்வளவு தூரம் போறோம்னு தெரியல" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

குடையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். ஸ்பீக்கர் அலறியது. ஃபாதரின் முதுகெல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினார். விரல் தரையைத் தொட்டதும் அறை நிசப்தமாகிவிட்டது. வெளியே மோட்டார் இல்லை, காற்று இல்லை, கடல்கூட ஒரு கணம் நிறுத்தின மாதிரி இருந்தது.

"நான் ஒத்தடம் எதுவும் வெக்கல மேடம்" என்று கனகா அவசரமாகச் சொன்னாள்.

"பேட்டரி போச்சு போல இருக்குதும்மா" என்றார் சார், கீழேயிருந்து.

மிஷினில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "பேட்டரி இருக்குது சார்" என்றேன்.

அவர் நிமிரவில்லை. அப்படியே குனிந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாங்களும் அவரைக் கூப்பிடவில்லை.

இப்போது கிளியனூரில் எனக்கென்று ஒரு சின்ன பிசியோ ரூம் இருக்கிறது. வருகிறவர்களிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், நேற்று என்ன கனவு என்றுதான் கேட்கிறேன். யாராவது திருப்பிக் கேட்டால் சொல்வதற்கு என்னிடமும் ஒரு கனவு உண்டு. வெள்ளை வெயிலில் வரப்பு மேல் நடந்து போகிறேன். பின்னாலிருந்து, "அடடே!" என்று ஒரு குரல் என்னைக் கூப்பிடுகிறது. திரும்பிப் பார்க்காமலே எனக்கு அது யார் என்று தெரிந்துவிடுகிறது.